பயாஸில் சிஎஸ்எம்மை ஆஃப் செய்தேன், அதோடு திரை இருண்டுவிட்டது: மதர்போர்டு போய்விட்டதா?

கல்யாணப்பத்திரிகை
6 ஜனவரி 2026, இரவு 9.12

வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா அழைப்பிதழ், நோட்டீஸ், இவைதான் தொழில். வடிவமைப்பு இங்கே, அச்சு சிவகாசியில். கடையில் ஒரே ஒரு கணினிதான். அது நேற்று மதியத்திலிருந்து அப்படியே கிடக்கிறது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. சரி, 11க்கு மாறிவிடலாம் என்று சோதித்துப் பார்த்தேன். 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான செக்யூர் பூட் இல்லை, டிபிஎம் இல்லை என்று காட்டியது. ஒரு வீடியோவைப் பார்த்து, விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் மூன்று மாற்றங்கள் செய்தேன். பிடிடியை ஆன் செய்தேன். சிஎஸ்எம்மை ஆஃப் செய்தேன். ராம் வேகம் கூடும் என்றார்களே என்று எக்ஸ்எம்பியையும் ஆன் செய்துவிட்டேன். எஃப்10 அழுத்திச் சேமித்ததும் கணினி ஒருமுறை அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’. மின்விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையில் மட்டும் எதுவும் இல்லை. டெல் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தும் பயாஸ் வரவில்லை. அது வந்தால்தானே மாற்றியதைத் திருப்பி வைக்க முடியும்?

பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மானிட்டர் கேபிளைக் கழற்றிப் பின்னால் வேறொரு இடத்தில் செருகிப் பார்த்துவிட்டு, ‘போர்டு போயிருச்சு’ என்றார். பழைய போர்டு ஒன்று 5,500 ரூபாய்க்குப் போடலாம், ஃபார்மட் செய்துதான் விண்டோஸ் ஏற்ற வேண்டும் என்றார்.

என் பயமே அந்த ஃபார்மட்தான். பேஜ்மேக்கரில் செய்த வேலைகள், பத்து வருடமாகச் சேர்த்த யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதில் ஓர் எழுத்துரு குறைந்தாலும் பழைய பத்திரிகையைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வரும். தை மாதக் கல்யாணங்களுக்கு ஒன்பது பத்திரிகைகள் பாதியில் நிற்கின்றன. யாராவது வழி சொல்லுங்கள்.


தாமிரபரணி
6 ஜனவரி, இரவு 9.30

ராமைக் கழற்றி, பொன்னிறமாக இருக்கும் ஓரத்தைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துத் திரும்பப் போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் திரை வராத கணினிகளில் பாதி இப்படியே சரியாகிவிடும்.


வைகைக்கரை
6 ஜனவரி, இரவு 10.05

தம்பி, முதலில் அந்தக் கடையிலிருந்து கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். ஃபார்மட்டுக்கு மட்டும் யாரிடமும் சம்மதம் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியில் ஓர் எழுத்துகூட அழிந்திருக்காது.

தாமிரபரணி சொன்ன ரப்பர் வைத்தியம் நல்ல வைத்தியம்தான், நானும் செய்வேன். ஆனால் அது நேற்றுவரை ஓடிய கணினி இன்று காலை திடீரென்று வராமல் போனால் செய்வது. இங்கே எஃப்10 அழுத்திய அடுத்த நொடியில் போயிருக்கிறது. அப்படியானால் முதலில் அந்த மூன்று மாற்றங்களைத்தான் பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள் கேட்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பிராசசர் எது? பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா? கிராபிக்ஸ் கார்டு தனியாக உண்டா, எந்தக் காலத்துக் கார்டு? கணினியை ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டுவிட்டு விசைப்பலகையில் நம்லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு அணைந்து எரிகிறதா? ஆன் செய்தால் ஒரே சீராக ஓடுகிறதா, இல்லை சில நொடிகளில் தானே அணைந்து அணைந்து எரிகிறதா?


கல்யாணப்பத்திரிகை
6 ஜனவரி, இரவு 10.41

அண்ணா, பதிலுக்கு மிக்க நன்றி. கணினி வீட்டில்தான் இருக்கிறது, இப்போதே பார்த்துவிட்டேன்.

2019இல் வாங்கிய ரசீதில் ஐ5 9400எஃப் என்று இருக்கிறது. ஆமாம், கடைசியில் எஃப் உண்டு. கிராபிக்ஸ் கார்டு தனி. அது இந்தக் கணினிக்கு முன்பு இருந்த கணினியிலிருந்து எடுத்துப் போட்டது, 2011 வாக்கில் வாங்கியது. நம்லாக் விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக அணைந்து எரிகிறது. ஓட்டமும் ஒரே சீராக இருக்கிறது, இடையில் அணையவில்லை.


வைகைக்கரை
6 ஜனவரி, இரவு 11.20

நம்லாக் விளக்கு சொன்னபடி கேட்கிறதா? அப்படியானால் உங்கள் போர்டு உயிரோடு இருக்கிறது. விசைப்பலகையின் தட்டலை வாங்கி விளக்கை மாற்றச் சொல்வது பயாஸ். செத்த போர்டு அதைச் செய்யாது. இந்த நிமிடம் உங்கள் கணினி பயாஸ் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றுகூட நினைக்கிறேன். அதைத் திரையில் காட்ட அதற்கு வழியில்லை, அவ்வளவுதான்.

ஏன் வழியில்லை என்று சொல்கிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கணினியை ஆன் செய்ததும் திரையில் முதல் படத்தைக் காட்டுவது விண்டோஸ் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் இருக்கிறது, போர்டு அதை ஓட்டித்தான் படம் வரவைக்கிறது. பழைய கார்டுகளில் அந்த நிரல் பழைய பயாஸ் முறையில் எழுதப்பட்டிருக்கும். பழைய பயாஸுக்குப் பதில் வந்த யுஇஎஃப்ஐ முறைக்கு ஜிஓபி என்ற வேறு வகை நிரல் வேண்டும். புதிய போர்டுகள் பழைய நிரலையும் ஓட்டுவதற்காக வைத்திருக்கும் இடைத்தரகர்தான் சிஎஸ்எம். அதை ஆஃப் செய்துவிட்டீர்கள். 2011 கார்டில் ஜிஓபி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கார்டும் நல்லது, போர்டும் நல்லது, நடுவில் பேச ஆள் இல்லை.

இனி அந்த ‘எஃப்’. அந்த எழுத்து இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் போர்டின் பின்பக்கம் இருக்கும் எச்டிஎம்ஐயில் எந்த மானிட்டரைச் செருகினாலும் படம் வராது, நல்ல நாளிலேயே வராது. கடையில் கேபிளை மாற்றிச் செருகிப் பார்த்தது அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே படம் இல்லாததைப் பார்த்துப் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

எக்ஸ்எம்பி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ராம் வேகம் தாங்காவிட்டால் கணினி அணைந்து அணைந்து எரியும், பல போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாமே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். பிடிடி என்பது இன்டெலின் டிபிஎம், அதற்கும் திரைக்கும் தொடர்பில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான், சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் சிறு நினைவகத்தை, அழிப்பது. அழித்தால் பயாஸ் அமைப்புகள் மட்டும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போகும். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் பக்கம் அது போகவே போகாது.

கணினியை அணைத்து, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கார்டைப் பிடித்திருக்கும் திருகை எடுத்து, செருகுமிடத்தின் ஓரத்தில் உள்ள சிறிய கொக்கியை அமுக்கிக்கொண்டு கார்டை நேராக மேலே தூக்குங்கள். அதன் அடியில்தான் பெரும்பாலும் சிமாஸுக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி ஒளிந்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணய அளவுள்ள வட்டம், மேலே சிஆர்2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணின் பொருளே அதுதான். ஓரத்தில் உள்ள உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டல் குறி மேலே இருக்கும். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டு ஆன் செய்யுங்கள்.


ரயிலடி
7 ஜனவரி, காலை 6.50

வைகைக்கரை அண்ணன் சொன்னது சரி. அதோடு ஒன்று. உங்களுக்கு வேலை அவசரம் என்பதால் கணினி சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். எஸ்எஸ்டியைக் கழற்றி, சாட்டா டு யுஎஸ்பி கேபிள் ஒன்றில் செருகினால் வேறு எந்தக் கணினியிலும் பென் டிரைவ் மாதிரித் திறக்கும். பத்திரிகைக் கோப்புகளையும், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாகவும் நகல் எடுத்துவிடுங்கள். எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நகல் கையில் இருந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

எஸ்எஸ்டியைச் செருகியதும் ‘இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா’ என்று ஏதாவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ போன்ற சிறிய பகுதிகள் தனி எழுத்தோடு தெரியும், பதற வேண்டாம்.


கல்யாணப்பத்திரிகை
7 ஜனவரி, மதியம் 1.15

ரயிலடி சகோ, உங்கள் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்துப் போட்டோ ஸ்டுடியோவில் அந்தக் கேபிள் இருந்தது. அவர்கள் கணினியில் போட்டதும் எல்லாம் திறந்தது. ஒன்பது பத்திரிகைகளும் இருக்கின்றன, எழுத்துருக்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். இரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆனால் பேட்டரி வேலை நடக்கவில்லை. அண்ணா சொன்னபடியே கார்டைத் தூக்கி, பேட்டரியை எடுத்து, பத்து நிமிடம் இல்லை, அரைமணி நேரம் வைத்திருந்தேன். திரும்பப் போட்டு ஆன் செய்தால் அதே ‘நோ சிக்னல்’. கடைக்காரர் சொன்னதுதான் உண்மையோ?


வைகைக்கரை
7 ஜனவரி, மதியம் 1.40

இல்லை தம்பி. ஒன்று சொல்லுங்கள், பேட்டரி வெளியே இருந்தபோது பவர் கேபிள் எங்கே இருந்தது? பின்னால் செருகியே இருந்ததா? போர்டில் எங்காவது ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்ததா?


கல்யாணப்பத்திரிகை
7 ஜனவரி, மதியம் 1.52

ஆமாம் அண்ணா! கணினியை அணைத்தேன், கேபிளைப் பிடுங்கவில்லை. போர்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எரிந்துகொண்டேதான் இருந்தது. அது அழகுக்காக வைத்தது என்று நினைத்தேன்.


வைகைக்கரை
7 ஜனவரி, மதியம் 2.10

விஷயம் அதுதான். பிடுங்கச் சொல்லாமல் விட்டது என் தவறு, அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கணினியை அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மின்சாரத்தை எப்போதும் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பவர் பட்டனைத் தொட்டதும் கணினி விழிப்பது அதனால்தான். அந்த மின்சாரம் இருக்கும்போது சிமாஸுக்குப் பேட்டரியே தேவையில்லை. அரைமணி என்ன, ஒரு வாரம் பேட்டரியை வெளியே வைத்திருந்தாலும் அமைப்பு அழியாது. பேட்டரி வேலை செய்வது கேபிள் இல்லாத நேரத்தில் மட்டும்தான்.

இப்போது கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், அந்த ஆரஞ்சு கோடு மங்கி அணைவதைக் கண்ணால் பாருங்கள். அணைந்த பிறகுதான் பேட்டரியை எடுக்க வேண்டும். அதே நேரத்தில் போர்டில் பேட்டரிக்கு அருகே இரண்டே இரண்டு ஊசிகள் தனியாக நிற்கிறதா பாருங்கள். பக்கத்தில் ‘கிளியர் சிமாஸ்’ என்பதன் சுருக்கமோ, ‘ஜேபேட்1’ என்றோ அச்சிட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு பத்து நொடி தொட்டுக்கொண்டிருங்கள். கேபிள் இல்லாதபோது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். வேறு ஊசிகளைத் தொட வேண்டாம், சந்தேகம் இருந்தால் போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.


பனைமரம்
7 ஜனவரி, மாலை 4.25

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் போன வருடம் அச்சொட்டாக இதே பிரச்சினை வந்தது. கேபிளையும் கழற்றி, பற்றரியையும் கழற்றி, ஊசிகளையும் தொட்டுப் பார்த்தேன், படம் வரவில்லை. கடைசியில் காரணம் என்னவென்றால், என்னுடைய போர்ட்டில் தொழிற்சாலை நிலையிலேயே சிஎஸ்எம் ஆஃப். எத்தனை தரம் அழித்தாலும் அது ஆஃப் நிலைக்குத்தான் திரும்பும்.

மருமகனிடம் கொஞ்சம் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பத்து நிமிடத்துக்கு இரவல் வாங்கிப் போட்டேன். உடனே படம் வந்தது. பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை ஆன் செய்து சேமித்தேன், பிறகு பழைய கார்ட்டைத் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லை. தம்பிக்கு இன்றைக்கும் வராவிட்டால் மனம் தளர வேண்டாம், இந்த வழி இருக்கிறது.


கல்யாணப்பத்திரிகை
7 ஜனவரி, இரவு 8.33

வந்துவிட்டது!!!

கேபிளைப் பிடுங்கி, பட்டனை அழுத்தியபோது ஆரஞ்சு கோடு ஒரு நொடி பிரகாசமாகி அப்படியே மங்கிப்போனது. பேட்டரியை எடுத்து, ஊசிகளைத் தொட்டு, கால்மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் போட்டு ஆன் செய்தேன். முதலில் கணினி ஒருமுறை தானாக அணைந்து எரிந்தது, வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சிமாஸ் அமைப்புகள் தவறு, எஃப்1 அழுத்தி உள்ளே போகவும் என்று. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் இன்னும் விண்டோஸ் வரவில்லை. பயாஸிலிருந்து வெளியே வந்தால் ‘சரியான பூட் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. பயாஸில் தேதி 2019 என்று காட்டுகிறது.


வைகைக்கரை
7 ஜனவரி, இரவு 8.50

மனது நிறைந்துவிட்டது தம்பி. மிச்சம் சின்ன வேலைதான்.

உங்களிடம் எஸ்எஸ்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்க வேண்டும். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில். அமைப்புகள் அழிந்தபோது எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையும் அழிந்துவிட்டது. போர்டு ஹார்டு டிஸ்கில் விண்டோஸைத் தேடிவிட்டு இல்லை என்கிறது. பூட் பக்கத்தில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். சில போர்டுகளில் ‘ஹார்டு டிஸ்க் வரிசை’ என்று உள்ளே இன்னொரு பட்டியல் இருக்கும், அதிலும் எஸ்எஸ்டி முதலில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் தடுமாறுவார்கள்.

மதியம் எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டினீர்கள் அல்லவா, பட்டியலில் அதன் பெயரே இல்லாவிட்டால் அதன் இரண்டு கேபிள்களையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

தேதியையும் நேரத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். 2019 என்றே விட்டால் விண்டோஸ் வந்த பிறகு வங்கித் தளம், மின்னஞ்சல் எல்லாம் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு, உங்கள் கடிகாரம் அந்தத் தேதிக்கு முன்னால் நிற்கும்.


கல்யாணப்பத்திரிகை
7 ஜனவரி, இரவு 9.04

வந்துவிட்டது அண்ணா. உள்ளே இருந்த இரண்டாவது பட்டியலில்தான் ஹார்டு டிஸ்க் முதலில் இருந்தது. விண்டோஸ் திறந்து, பேஜ்மேக்கரும் திறந்து, நேற்று முன்தினம் நிறுத்திய இடத்திலேயே பத்திரிகை நிற்கிறது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.


மல்லிகைப்பந்தல்
8 ஜனவரி, காலை 10.18

இந்த உரையாடலைப் படித்ததும் எனக்கும் நம்பிக்கை வந்தது, அதனால் இங்கேயே கேட்கிறேன். மகளின் லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை. இரண்டாவதாக வேறொரு இயங்குதளம் போட முயன்றாள். நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லை என்றதும், எங்கோ படித்துவிட்டு பயாஸில் விஎம்டி என்பதை ஆஃப் செய்துவிட்டாள். இப்போது விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை வந்து, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்கிறது. சிலமுறை அப்படி வந்த பிறகு மீட்பு விசை கேட்கிறது, 48 இலக்கமாம். அப்படி ஒன்றை நாங்கள் எழுதி வைத்ததே இல்லை. பிராஜெக்ட் முழுவதும் அதில் இருக்கிறது. அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.


வைகைக்கரை
8 ஜனவரி, காலை 11.02

சகோதரி, மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். எதையும் அழிக்காமல், மறுபடி விண்டோஸ் நிறுவாமல் இருந்தால் போதும், பிராஜெக்ட் கிடைத்துவிடும்.

முதல் வேலை, பயாஸில் விஎம்டியைத் திரும்ப ஆன் செய்து சேமிப்பது. விண்டோஸ் நிறுவப்பட்டபோது டிஸ்கை விஎம்டி என்ற இன்டெல் இணைப்பு முறை வழியாகத்தான் பார்த்தது. அதற்கான டிரைவரைத்தான் தொடக்கத்தில் ஏற்றுகிறது. இப்போது டிஸ்க் வேறு வழியில் நிற்பதால் தன் வீட்டுக் கதவே அதற்குத் தெரியவில்லை. பழைய கதவைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் நேராக உள்ளே போய்விடும். பயாஸில் டிஸ்கை இணைக்கும் சாட்டா முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினாலும் இதே நீலத் திரைதான் வரும், இதே மருந்துதான்.

அதற்குப் பிறகும் 48 இலக்கம் கேட்டால், அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. யாரும் எழுதி வைக்காமலே பல லேப்டாப்புகளில் இது ஆன் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த அன்றே டிஸ்க் பூட்டப்பட்டு, சாவியின் நகல் அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். பயாஸில் ஏதாவது மாறியதும், டிபிஎம் ‘இது நான் அறிந்த நிலை இல்லை’ என்று சாவியைத் தர மறுக்கிறது. கைபேசியில் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் மீட்பு விசைகளைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், லேப்டாப் திரையில் காட்டும் விசை அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு எது பொருந்துகிறதோ அதுதான் சரியான சாவி. கல்லூரிக் கணக்கில் உள்நுழைந்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் இருக்கும், அதையும் பாருங்கள்.

விஎம்டி இல்லாமல்தான் அவளுக்கு வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. முதலில் விண்டோஸுக்குள் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்து சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் திறக்கும் முன்பே பயாஸுக்குள் போய் விஎம்டியை ஆஃப் செய்ய வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் புதிய டிரைவரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிட்டு வழக்கம்போல் திறக்கலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் முழு கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். இதெல்லாம் பிராஜெக்ட் சமர்ப்பித்த பிறகு செய்தால் போதும்.


மல்லிகைப்பந்தல்
8 ஜனவரி, மதியம் 12.26

விஎம்டியைத் திரும்பப் போட்டோம். ஒருமுறை விசை கேட்டது, அவள் கணக்கில் இருந்தது, நான் வாசிக்க அவள் தட்டினாள். லேப்டாப் திறந்துவிட்டது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா.


மேற்குமலை
8 ஜனவரி, மாலை 6.40

இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, பயாஸ் பக்கமே போகக் கூடாது. தெரியாதவர்களுக்கு அது தேவையே இல்லாத இடம்.


ரயிலடி
8 ஜனவரி, இரவு 7.15

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இருவருமே தேவையோடுதான் உள்ளே போனார்கள். பத்திரிகைத் தம்பிக்கு ஆதரவு முடிந்த விண்டோஸ், தொழில் அதை நம்பியிருக்கிறது. தவறு போனதில் இல்லை, மூன்று மாற்றங்களை ஒரே மூச்சில் செய்ததில் இருக்கிறது. ஒன்றை மாற்றிச் சேமித்து, விண்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றியிருந்தால், எது காரணம் என்று தேட வேண்டியதே இருந்திருக்காது.

நான் பயாஸைத் திறந்ததும் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு படங்கள், இரண்டு நிமிடம். சிமாஸை அழித்துவிட்டு, பழையபடி என்னென்ன இருந்தது என்று மண்டையைக் குடையும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.


கல்யாணப்பத்திரிகை
9 ஜனவரி, காலை 9.30

அப்படியானால் என் கணினியை 11க்கு மாற்ற முடியவே முடியாதா அண்ணா? 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் என்னுடையது இருக்கிறது, கார்டு மட்டும்தான் தடையா?


வைகைக்கரை
9 ஜனவரி, காலை 10.45

கார்டு ஒரு தடை, அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது. அன்று திரை வந்திருந்தாலும் விண்டோஸ் வந்திருக்காது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள், ‘லெகசி’ என்றுதான் இருக்கும். உங்கள் எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, அதிலிருந்து தொடங்க சிஎஸ்எம் வேண்டும். யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும். அந்த வீடியோ சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் முழு நகல், அது ஓரளவு உங்களிடம் இருக்கிறது. அடுத்து ஜிஓபி உள்ள ஒரு கார்டு. புதிது வேண்டாம், பழையதே போதும், ஆனால் வாங்கும் முன் சிஎஸ்எம் ஆஃப் செய்த ஒரு கணினியில் அது படம் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குப் பிறகு எஸ்எஸ்டியை ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10க்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றும். முதலில் சரிபார்க்க மட்டும் ஓட்டுங்கள். எஸ்எஸ்டியில் மூன்றுக்கு மேல் பிரைமரி பகுதிகள் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பகுதி இருந்தாலோ மாட்டேன் என்று சொல்லிவிடும். ஹார்டு டிஸ்க் எம்பிஆரிலேயே இருக்கட்டும், தரவு மட்டும் இருக்கும் டிஸ்குக்கு அது பொருட்டில்லை. மாற்றி முடித்த பிறகுதான் சிஎஸ்எம் ஆஃப். விண்டோஸ் வந்ததைப் பார்த்த பிறகு செக்யூர் பூட். எக்ஸ்எம்பி இந்தக் கதையிலேயே வேண்டாம்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் தை முகூர்த்தம் முடியும்வரை எதையும் தொடமாட்டேன். விண்டோஸ் 10க்கு வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்டாமலே சேரலாம். இன்றே சேர்ந்துவிடுங்கள். கார்டை ஆடியில், வேலை குறைந்திருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்தப் பேட்டரி 2019இல் வந்தது. கழற்றிய கையோடு புதிய சிஆர்2032 ஒன்று போட்டுவிடுங்கள், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் மறுபடி அந்த 2019 தேதியோடு வந்து நிற்கும்.


கல்யாணப்பத்திரிகை
20 ஜனவரி, இரவு 10.10

தாமதமாக எழுதுகிறேன், வேலை அவ்வளவு. புதிய பேட்டரி போட்டாயிற்று, நீட்டித்த புதுப்பிப்பிலும் சேர்ந்தாயிற்று. பயாஸ் பக்கங்களைப் படம் பிடித்து, மனைவியின் கைபேசிக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். பூட் வரிசையை ஒரு தாளில் எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

போர்டு போய்விட்டது என்று சொன்ன கடைக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். எஃப் விவரமும் சிஎஸ்எம் விவரமும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உட்காரவைத்து முழுவதும் கேட்டு, அந்த ஆரஞ்சு விளக்கைப் பற்றி இரண்டுமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஒன்பதில் எட்டுப் பத்திரிகைகள் சிவகாசிக்குப் போய்விட்டன. ஒன்பதாவதில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.